நார்மல், நெறி, தரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்புகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. மருத்துவக் கையேடு, பாடப் புத்தகம், சட்டக் குறிப்பு, சமூகவியல் கட்டுரை என்று எது வந்தாலும் நார்மல், நார்ம், ஸ்டாண்டர்ட் என்ற மூன்று சொற்களில் ஒன்றிலாவது ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள், உடனே எனக்குக் கேள்வி வரும். பல வருடங்களாக அதே கேள்விகள். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே படித்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் நகர்ந்துவிடும்.

"நார்மல்னா இயல்புதானே? இதுல குழம்புறதுக்கு என்ன இருக்கு?"

பாதி நேரம் இயல்புதான். "காய்ச்சல் விட்டுவிட்டது, இப்போது நார்மலாக இருக்கிறான்" என்றால் பழைய நிலைக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். "இந்த நேரத்தில் கூட்டம் இருப்பது நார்மல்" என்றால் எப்போதும் நடப்பதுதான் என்று அர்த்தம். இதில் குழப்பம் ஒன்றும் இல்லை.

இப்போது இதைப் பாருங்கள்: "நார்மலான மனுஷன் இப்படிச் செய்வானா?" இதைச் சொல்பவர் எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. அப்படிச் செய்யக் கூடாது என்று தீர்ப்புச் சொல்கிறார். ஆக ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறது, எப்படி நடக்க வேண்டும் என்பதையும் சொல்கிறது. தமிழில் முதல் வேலைக்கு இயல்பு, வழக்கம் என்ற சொற்கள் இருக்கின்றன, இரண்டாவது வேலைக்கு நெறி, முறை, தகுதி என்ற சொற்கள் இருக்கின்றன. நாம் தனித்தனியாக வைத்திருந்த இரண்டு பெட்டிகளை 'நார்மல்' ஒரே பெட்டியாக்கிவிட்டது, கீழே வரும் சந்தேகங்களில் முக்கால்வாசி அங்கிருந்து முளைத்தவைதான்.

"இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?"

லத்தீனில் 'நோர்மா' என்று ஒரு சொல், நார்மும் நார்மலும் அதிலிருந்து வந்தவைதான். தச்சரும் கொத்தனாரும் மூலை சரியாக 90 பாகையில் இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, மூலைமட்டம், அந்தக் கருவியின் பெயர்தான் நோர்மா. 'நோர்மாலிஸ்' என்றால் மூலைமட்டம் வைத்துச் செய்தது, அதாவது செங்கோணத்தில் இருப்பது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தன் நூலின் ஒன்பதாம் பகுதியில் நோர்மாவைப் பிழையில்லாமல் செய்யும் வழியைச் சொல்கிறார்: 3 அடி, 4 அடி, 5 அடி நீளத்தில் மூன்று கோல்களை எடுத்து நுனியோடு நுனி சேர்த்தால் செங்கோணம் தானாக அமைந்துவிடும், இது பித்தாகரஸ் காட்டிய வழி என்று.

லத்தீனுக்கு இந்தச் சொல் கிரேக்க 'க்னோமோன்' என்பதிலிருந்து, இத்தாலியின் பழைய மொழியான எட்ருஸ்கன் வழியாக வந்திருக்க வேண்டும் என்பது மொழியறிஞர்கள் பலர் ஏற்கும் கருத்து. க்னோமோன் என்றால் மூலைமட்டம், சூரியக் கடிகாரத்தின் நடுவில் நிற்கும் முள், 'அறிந்து சொல்பவன்' என்றெல்லாம் பொருள். அதன் வேர் 'அறிதல்'. சமஸ்கிருதத்தில் 'ஞா' என்று இருப்பதும் அதே வேர்தான், அதிலிருந்து வந்ததுதான் நாம் சொல்லும் ஞானம். அந்தக் கருத்துப்படி பார்த்தால் நார்மலும் ஞானமும் தூரத்துச் சொந்தம்.

"மூலைமட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நேராக இருப்பது சரி, கோணலாக இருப்பது தப்பு என்ற எண்ணம் கை வேலையிலிருந்து மனதுக்குள் ஏறியிருக்கிறது, அதுவும் ஒரு மொழியில் மட்டும் இல்லை. 'ரூல்' என்ற சொல் லத்தீன் 'ரேகுலா'விலிருந்து வந்தது, ரேகுலா என்றால் நேரான குச்சி, கோடு போடும் பலகை. அதனால்தான் கோடு போடும் ஸ்கேலுக்கும் சட்டதிட்டத்துக்கும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே சொல். 'கேனன்' என்பது கிரேக்கத்தில் நாணல் தண்டு, அதிலிருந்து அளவுகோல், அதிலிருந்து விதி.

தமிழில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. செங்கோல் என்பதில் இருக்கும் செம்மை நேர்மை, அதாவது வளையாமை. கொடுங்கோல் என்பதில் இருக்கும் கொடுமைக்கு முதல் பொருள் வளைவு. 'கோல்கோடி' என்கிறது 554ஆம் குறள்: கோல் வளைந்து, ஆராயாமல் ஆளும் அரசு பொருளையும் குடிகளையும் ஒரே நேரத்தில் இழக்கும். 118ஆம் குறளில் தராசுக் கோலைக் காட்டி 'ஒருபால் கோடாமை' சான்றோர்க்கு அழகு என்கிறார், கோடாமை என்றால் ஒரு பக்கம் வளையாமல் இருப்பது.

இதையெல்லாம் விட நேரடியான சாட்சி நன்னூல் பாயிரத்தில் இருக்கிறது. தச்சர் மரத்தில் நூல் பிடித்து, அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பதைச் செதுக்குவார். "மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும் நூல் அஃதே போல் மாந்தர் மனக்கோட்டம் தீர்க்கும் நூல்" என்கிறார் பவணந்தி முனிவர். கோட்டம் என்றால் வளைவு. மரத்தின் வளைவை எடுக்கும் நூலும் மனதின் வளைவை எடுக்கும் நூலும் ஒரே பெயர் கொண்டவை. ரோமானியர் மூலைமட்டத்தை எடுத்தார்கள், பவணந்தி கையில் எடுத்தது தச்சர் நூல். 'நார்ம்' என்ற சொல் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் நான் காட்டுவது இந்த வரியைத்தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், வளைவெல்லாம் தப்பு என்று நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. 279ஆம் குறள்: அம்பு நேராக இருக்கிறது, செயலில் கொடியது, யாழின் கொம்பு வளைந்திருக்கிறது, செயலில் இனியது, அதனால் செய்யும் வேலையை வைத்து மதிப்பிடு.

"கணக்குல 'நார்மல்'னு வருதே, அது வேற சொல்லா?"

அதே சொல்தான், சொல்லப்போனால் கணக்கில் இருப்பதுதான் பழைய பொருள். ஒரு வளைவரையைத் தொடும் கோட்டுக்கு 90 பாகையில் நிற்கும் கோட்டை நார்மல் என்கிறார்கள், மூலைமட்டம் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் அது. தமிழில் அதைச் செங்கோடு என்கிறோம். செங்கோல், செங்கோணம், செங்குத்து, செங்கோடு என்று வரிசையாகப் பார்த்தால் முந்தைய பதிலில் சொன்ன அதே செம்மை எல்லாவற்றிலும் இருக்கிறது.

வானத்திலும் ஒன்று உண்டு. 1751, 1752இல் தென்னாப்பிரிக்க முனையிலிருந்து தென்வானத்தை அளந்த பிரெஞ்சு வானியலாளர் லக்காய், விருச்சிகத்துக்குத் தெற்கே இருந்த மங்கலான சில நட்சத்திரங்களுக்கு மூலைமட்டம், கோடுபலகை என்று கருவிகளின் பெயரை வைத்தார். இன்று அந்த விண்மீன் குழுவின் பெயர் நோர்மா.

"பழைய புத்தகங்கள்ல 'நார்மல் ஸ்கூல்'னு வருது. சாதாரணப் பள்ளிக்கூடமா அது?"

இல்லை, ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. இதைச் 'சாதாரணப் பள்ளி' என்று மொழிபெயர்த்த தாளை நானே திருத்தியிருக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794இல், 'எகோல் நோர்மால்' என்ற பள்ளியை ஏற்படுத்த ஆணை பிறந்தது. எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு ஒரு நோர்மாவை, மாதிரியை, அங்கே வகுத்து நாடு முழுக்கக் கொண்டுபோக வேண்டும் என்பது நோக்கம். பெயர் மற்ற நாடுகளுக்கும் பரவியது. இங்கே நார்மல் என்றால் பின்பற்ற வேண்டிய மாதிரி, அதாவது நம் இரண்டாவது பெட்டி.

"அப்போ 'எல்லாரையும் போல'ங்கிற அர்த்தம் எப்போ ஒட்டிக்கிச்சு?"

19ஆம் நூற்றாண்டில். மருத்துவமும் புள்ளியியலும் சேர்ந்து செய்த வேலை அது. பிரெஞ்சு மருத்துவர்கள் உடலின் நோயில்லாத நிலையை நார்மல் என்று அழைக்க ஆரம்பித்தார்கள். 1835இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே 'சராசரி மனிதன்' என்ற கருத்தை முன்வைத்தார். வானியலாளர்கள் ஒரு நட்சத்திரத்தைப் பலமுறை அளந்து, பிழைகளைச் சராசரியாக்கி உண்மையான இடத்தைக் கண்டுபிடிப்பது போல, ஆயிரக்கணக்கான மனிதர்களை அளந்து சராசரி எடுத்தால் இயற்கை செய்ய நினைத்த மனிதன் கிடைப்பான் என்று அவர் நினைத்தார்.

இதில் நடந்த தாவலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நட்சத்திரம் ஒன்றுதான், அளவுகள்தான் பல, அதனால் சராசரியிலிருந்து விலகுவது பிழை. மனிதர்கள் ஆயிரம் பேர் என்றால் ஆயிரம் பேரும் உண்மை. குள்ளமானவர் தப்பாக அளக்கப்பட்ட சராசரி மனிதர் கிடையாது. சராசரி என்ற கணக்கு, சரி என்ற தீர்ப்பாக மாறியது இந்த இடத்தில்தான்.

"நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்ல மட்டும் ஏன் அந்தப் பேரு? மத்த பரவல் எல்லாம் அப்நார்மலா?"

மற்றவையும் சரியான பரவல்கள்தான், பெயர்தான் கோளாறு. பெரும்பாலான அளவுகள் நடுவில் குவிந்து, இரண்டு பக்கமும் குறைந்துகொண்டே போவதால் மணி வடிவத்தில் இருக்கும் அந்த வளைவோடு கணித அறிஞர்கள் காஸ், லாப்லாஸ் இருவர் பெயரும் சேர்ந்து வரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலர் அதை நார்மல் என்று அழைக்கத் தொடங்கினார்கள், அதை ஊர் அறியச் செய்தவர் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன். யார் முதலில் கண்டுபிடித்தது என்ற நாடுகளுக்கிடையேயான சண்டையைத் தவிர்க்க இந்தப் பெயர் உதவியது என்றும், ஆனால் மற்ற பரவல்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அப்நார்மல் என்று ஆட்களை நம்பவைக்கும் குறை இதில் இருக்கிறது என்றும் 1920இல் அவரே எழுதினார். தமிழில் 'இயல்நிலைப் பரவல்' என்று எழுதுகிறோம், அந்தக் குறை அங்கேயும் கூடவே வந்துவிட்டது.

"லேப் ரிப்போர்ட்ல ஒரு அளவு நார்மல் ரேஞ்சைத் தாண்டியிருக்கு. அப்போ எனக்கு நோயா?"

இதற்கு உங்கள் மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும், சொல்லைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எல்லைகளில் பல, நோயில்லாத ஒரு கூட்டத்தைச் சோதித்து அதில் நடுவில் இருக்கும் 95 சதவீதத்தினரின் அளவுகளை எடுத்துக் குறித்தவை. அப்படியென்றால் அந்தக் கூட்டத்திலேயே 5 சதவீதத்தினர் எல்லைக்கு வெளியே இருப்பார்கள், அவர்களுக்கும் நோய் இல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஆரோக்கியமான ஒருவருக்குச் செய்தால், ஒன்றாவது எல்லைக்கு வெளியே விழ 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

அதே தாளில் வேறு வகை எல்லையும் இருக்கும். கொழுப்பின் அளவுக்கு எல்லை, மக்களில் பெரும்பாலோருக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வைத்தது இல்லை, எதற்கு மேல் போனால் இதய நோய் ஆபத்து கூடுகிறது என்று பார்த்து நிபுணர்கள் முடிவு செய்தது. முன்னது இயல்பு, பின்னது நெறி. இரண்டும் ஒரே நெடுவரிசையில், ஒரே தலைப்பின் கீழ் அச்சாகி வருகின்றன. மொழிபெயர்ப்பவர் இரண்டுக்கும் 'இயல்பு அளவு' என்று போட்டுவிட்டால் படிக்கும் நோயாளிக்கு வித்தியாசம் தெரியவே வழியில்லை. முதலாவதற்கு 'ஒப்பீட்டு வரம்பு', இரண்டாவதற்கு 'பரிந்துரைக்கும் வரம்பு' என்று நான் மாற்றிவிடுவேன்.

உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்பதும் 1868இல் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஷ் ஏராளமான நோயாளிகளை அளந்து சொன்ன சராசரி. பின்னால் வந்த ஆய்வுகளில் சராசரி கொஞ்சம் குறைவாகவே வந்திருக்கிறது. ஆனாலும் 98.6 ஃபாரன்ஹீட் என்பது கோடு போட்ட மாதிரி எல்லார் மனதிலும் நின்றுவிட்டது.

"அப்நார்மல், அனாமலி, எனார்மஸ் எல்லாம் ஒரே குடும்பமா?"

எனார்மஸ் குடும்பத்துப் பிள்ளைதான். 'எ' என்றால் வெளியே, நோர்மாவுக்கு வெளியே போனது. முதலில் அது முறைகேடு, அக்கிரமம் என்ற பொருளில் வந்தது, பிறகுதான் அளவில் பெரியது என்று சுருங்கியது. 'எனார்மிட்டி' என்பதில் அந்தப் பழைய கொடுமை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் 'பிரம்மாண்டம்' என்று மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

அனாமலி வேறு குடும்பம். கிரேக்கத்தில் 'ஹோமாலோஸ்' என்றால் சமதளம், அதற்கு எதிர்ச்சொல் 'அனோமாலோஸ்', மேடுபள்ளமானது. அதை இடைக்காலத்தில் யாரோ நோர்மாவோடு குழப்பி 'அனார்மல்' என்று ஆக்கினார்கள், பிறகு அதற்கு முன்னால் லத்தீன் 'அப்' சேர்ந்து அப்நார்மல் ஆனது. மேடுபள்ளத்தில் பிறந்த சொல் மூலைமட்டத்து வீட்டுக்குத் தத்துப் போயிருக்கிறது.

"நோமோஸ்னு கிரேக்கத்துல சட்டத்துக்கு ஒரு சொல் உண்டே, நார்ம் அதுலருந்து வரலையா?"

இல்லை, ஒலி ஒற்றுமை மட்டும்தான். நோமோஸ் என்பது பங்கிடுவது என்ற வினையிலிருந்து வந்தது. எகானமி, அஸ்ட்ரானமி இரண்டிலும் இருப்பது அந்த நோமோஸ்.

"நார்முக்கும் ஸ்டாண்டர்டுக்கும் என்ன வித்தியாசம்?"

பிறந்த இடமே வேறு. ஸ்டாண்டர்ட் என்பது பழைய பிரெஞ்சில் போர்க்களத்தில் நட்டுவைக்கும் கொடிக்கம்பம், 'உறுதியாக நில்' என்ற பொருள் கொண்ட ஜெர்மானியச் சொற்களிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். படை சிதறினால் எல்லாரும் அந்தக் கொடியைப் பார்த்து ஒன்று சேர வேண்டும். 1138இல் ஸ்காட்லாந்துப் படையோடு வட இங்கிலாந்தில் நடந்த ஒரு போருக்கே 'ஸ்டாண்டர்ட் போர்' என்று பெயர், வண்டியில் ஒரு கம்பத்தை நட்டு அதில் கொடிகளைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் ஒற்றை அடையாளம் என்ற அந்தக் கருத்துதான் பிறகு அரசர் வைத்திருக்கும் மூல அளவுகோலுக்கும் எடைக்கல்லுக்கும் போனது. 1889 முதல் 2019 வரை உலகத்தின் கிலோகிராம் என்பது பாரிஸுக்குப் பக்கத்தில் பூட்டி வைத்திருந்த ஒரு பிளாட்டினம் இரிடியம் உருளைதான். கொடிக்கம்பத்தைப் போலவே, எல்லாரும் வந்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரே பொருள்.

அதனால் என் பழக்கம் இது: யாரோ உட்கார்ந்து பேசி, எழுதி, அளக்கக்கூடியதாக வைத்தது ஸ்டாண்டர்ட், தமிழில் தரநிலை அல்லது தரஅளவு. யாரும் எழுதிவைக்காமல் மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கடைப்பிடிப்பது நார்ம். வரிசையில் இடையில் புகக் கூடாது என்பதற்குத் தரநிலை எண் கிடையாது, ஆனால் புகுந்து பாருங்கள், தெரியும்.

"தரம்கிறது தமிழ்ச் சொல்லா?"

வடமொழியில் ஒப்பிட்டுச் சொல்லும் 'தர' என்ற விகுதியோடு அகராதிக்காரர்கள் இதைச் சேர்ப்பார்கள், குரு என்றால் கனம், குருதர என்றால் இன்னும் கனம். அதனால் தரம் என்ற சொல்லுக்குள்ளேயே ஒப்பீடு இருக்கிறது, தனியாக ஒரே ஒரு பொருள் மட்டும் இருந்தால் அதற்குத் தரம் சொல்ல முடியாது. தமிழில் இது புதிதாக வந்த சொல்லும் இல்லை. சோழர் கல்வெட்டுகளில் நிலங்களை விளைச்சலுக்கு ஏற்ப தரம் பிரித்திருக்கிறார்கள், அப்படித் தரம் குறிக்காத நிலத்துக்குத் 'தரமிலி' என்று பெயர். இன்று 'தரமில்லாதவன்' என்றால் வசை, அன்று தரமிலி என்றால் இன்னும் வகைப்படுத்தாதது, அவ்வளவுதான். இப்போது இலங்கையில் பள்ளி வகுப்பைத் தரம் 5, தரம் 8 என்று சொல்வது அந்தப் பழைய பொருளுக்கு நெருக்கமானது.

"சரி, 'நார்ம்'னு வந்தா தமிழ்ல எதைப் போடுறது? நெறியா, முறையா, விதியா, நியமமா?"

ஒரே சொல்லை எல்லா இடத்துக்கும் கேட்காதீர்கள், அதுதான் என் முதல் பதில். அடுத்து, இந்தச் சொற்கள் எங்கிருந்து கிளம்பின என்று பாருங்கள். நெறி என்றால் பாதை. சங்கப் பாடல்களில் காட்டு வழிக்கே நெறி என்று வரும். ஆறு என்பதும் வழிதான், ஆற்றுப்படை என்பதில் இருப்பது அதுவே. ஒழுக்கம் ஒழுகுவதிலிருந்து வந்தது, தண்ணீர் ஒழுகுவது போல நடப்பது. வழக்கம், வழக்கு இரண்டும் வழங்குவதிலிருந்து. லத்தீன்காரருக்கு நார்ம் என்றால் ஓரிடத்தில் நிற்கும் கருவி, நமக்கு நெறியும் ஒழுக்கமும் நடக்கும், நகரும் சொற்கள். நெறி தவறினான் என்றால் பாதையை விட்டு விலகினான் என்று பொருள், திரும்பி வர வழி இருக்கிறது.

அதனால் மனிதர்கள் இப்படி நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்றால் நெறி. எழுதிவைத்து, மீறினால் தண்டனை உண்டு என்றால் விதி. நடந்துகொண்டிருக்கிறது, யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றால் வழக்கம். முன்னோரிடமிருந்து வந்தது என்றால் மரபு. முறை என்பதை மட்டும் யோசித்துப் போடுங்கள், ஏனென்றால் அது தடவை, உறவு, நீதி, வரிசை என்று ஏற்கெனவே பல சுமை தூக்கிக்கொண்டிருக்கிறது. நெறிமுறை என்று இரண்டையும் ஒட்டி எல்லாவற்றுக்கும் போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. அது அறத்தைச் சொல்கிறதா, கணினிகள் பேசிக்கொள்ளும் விதத்தைச் சொல்கிறதா, அலுவலகச் சுற்றறிக்கையைச் சொல்கிறதா என்று படிப்பவருக்குப் புரிவதில்லை.

நியமம் வடமொழி, அடக்குதல், கட்டுப்படுத்துதல் என்ற வேர். தானே ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாட்டுக்கு இன்றும் பொருத்தமான சொல். மதுரைக்காஞ்சியில் 'இருபெரு நியமம்' என்று படித்துவிட்டு இரண்டு பெரிய விதிகள் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே நியமம் என்றால் கடைத்தெரு.

"விதின்னா தலைவிதி மாதிரி இருக்கு, போடத் தயக்கமா இருக்கே?"

தயக்கம் வேண்டாம். தமிழில் ஒழுங்குக்கும் ஊழுக்கும் ஒரே சொல் வருவது பழைய பழக்கம். "நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்" என்று புறநானூறு 192இல் வரும் முறை, ஊழ்தான். ஊழ் என்ற சொல்லுக்கும் முறை என்று ஒரு பொருள் உண்டு. 'இலக்கண விதி', 'போக்குவரத்து விதி' என்று முன்னால் ஒரு சொல் இருந்தால் யாரும் தலையில் கை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"நார்மேட்டிவ்னு ஒன்னு வருதே, அது நார்மலுக்கு இன்னொரு பேரா?"

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். நார்மேட்டிவ் என்றால் 'இப்படி இருக்க வேண்டும்' என்று சொல்வது. "பத்தில் எட்டுப் பேர் பொய் சொல்கிறார்கள்" என்பது நிலவரம், "பொய் சொல்லக் கூடாது" என்பது நார்மேட்டிவ். நான் 'நெறிசார்' என்று போடுகிறேன், 'நெறியுரைக்கும்' என்றும் போடலாம். 'இயல்பான' என்று போட்டால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

1740இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் இதைச் சுட்டிக்காட்டினார். எழுதுபவர்கள் 'இருக்கிறது', 'இல்லை' என்று சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று 'வேண்டும்', 'கூடாது' என்று மாறுகிறார்கள், எப்படி அங்கே போனோம் என்று காரணம் சொல்வதே இல்லை என்றார். தமிழில் இந்த மாற்றம் வினைமுற்றிலேயே கண்ணில் பட்டுவிடும். 'நார்மல்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டால்தான் தெரியாமல் போகிறது.

"எல்லாரும் செய்றாங்கன்னா அதுவே சரியாகிடாதா? மொழியில அப்படித்தானே நடக்குது?"

நல்ல மடக்கு. மொழியில் ஓரளவு அப்படித்தான், நம் இலக்கணமே அதை ஒப்புக்கொள்கிறது. உயர்ந்தோர் எந்தப் பொருளை எந்தச் சொல்லால் எப்படிச் சொன்னார்களோ அப்படியே சொல்வது மரபு என்கிறது நன்னூல். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை ஒன்பதாக வரிசைப்படுத்துகிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. யானைக்குட்டி என்று சொல்லலாமா கன்று என்று சொல்ல வேண்டுமா என்பதற்கு இயற்கையில் பதில் கிடையாது, வழக்கில்தான் இருக்கிறது.

ஆனால் இலக்கணக்காரர்கள் இரண்டோடு நிறுத்தவில்லை, மூன்று வைத்தார்கள். வழாநிலை, வழு, வழுவமைதி. வழு என்றால் வழுக்கியது. வழுவமைதி என்றால் வழுதான், ஆனாலும் காரணம் இருப்பதால் அமைத்துக்கொள்கிறோம் என்பது. தாய் தன் மகளைப் பாசத்தில் "வாடா கண்ணா" என்று கூப்பிடுவது பால் வழுவமைதி. எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணி இதை ஏற்கவில்லை, அதில் இருக்கும் அன்பைக் காரணமாகக் காட்டி ஏற்றார்கள். அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே" என்று நன்னூல் முடிகிறது, மாற்றத்தை அது மறுக்கவில்லை, காலம் என்ற காரணத்தைச் சொல்லித்தான் ஏற்கிறது. ஆக எல்லாரும் செய்கிறார்கள் என்பது, இதற்குக் காரணம் இருக்கிறதா என்று பார்க்கத் தூண்டும் விஷயம். அதுவே காரணம் ஆகிவிடாது.

"அப்படின்னா கொடுந்தமிழ்ங்கிறது கொடுமையான தமிழா?"

மூலைமட்டக் கேள்வியில் சொன்ன கொடு இது, வளைந்த தமிழ். உரையாசிரியர்கள் செந்தமிழ் நிலத்தைச் சுற்றியிருந்த பன்னிரண்டு நிலங்களின் பேச்சைக் கொடுந்தமிழ் என்றார்கள். தொல்காப்பியம் அந்த வட்டாரச் சொற்களைத் திசைச்சொல் என்று பெயரிட்டு, செய்யுளில் வரத்தக்க நான்கு வகைச் சொற்களில் ஒன்றாக இடம் கொடுத்துவிட்டது. ஒரு பேச்சை நேர் என்று வைத்தால் மற்றதெல்லாம் வளைவு ஆகிவிடும், கோல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. வட்டாரத் தமிழில் எழுதுபவர்களை 'ஸ்டாண்டர்ட் தமிழ்' தெரியாதவர்கள் என்று சொல்லும்போதெல்லாம் திசைச்சொல்லை நினைத்துக்கொள்வேன்.

"'நீ நார்மல் இல்லை'ன்னு ஒருத்தரைச் சொல்றது தப்பா?"

எந்தப் பெட்டியிலிருந்து எடுத்துச் சொல்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர் பெரும்பாலோரைப் போல இல்லை, அது எண்ணிக்கை. அதை வைத்து ஒரு குழந்தையின் கையைக் கட்டிவைத்து வலது கையால் எழுதவைத்த காலம் உலகின் பல இடங்களில் இருந்தது, அங்கே எண்ணிக்கை தண்டனையாகிவிட்டது. இன்னும் மோசமாகவும் நடந்திருக்கிறது. மணி வளைவை மனிதர்கள் மேல் வைத்து, ஒரு நுனியில் இருப்பவர்கள் பிள்ளை பெறவே கூடாது என்று சொன்ன இனமேம்பாட்டுக் கொள்கைக்கு 1883இல் பெயர் வைத்த ஃபிரான்சிஸ் கால்டன், புள்ளியியலின் முன்னோடிகளில் ஒருவர்.

பிரெஞ்சு மருத்துவரும் தத்துவவாதியுமான ஜார்ஜ் கங்கிலெம் 1943இல் இதற்கு நல்ல மறுப்பு எழுதினார். ஆரோக்கியம் என்பது சராசரியோடு ஒத்துப்போவது இல்லை, சூழல் மாறும்போது தனக்குப் புதிய நெறியை அமைத்துக்கொள்ளும் சக்திதான் என்றார். நான் திருத்தும் தாள்களில் 'நார்மல் குழந்தைகள்' என்று வரும் இடமெல்லாம் அருகில் ஒரு கேள்விக்குறி போட்டு, எதில், எதோடு ஒப்பிட்டு என்று எழுதி அனுப்புகிறேன். பெரும்பாலும் 'காது கேட்கும் குழந்தைகள்', 'அந்த வயதில் நடக்கத் தொடங்கிவிட்ட குழந்தைகள்' என்று திருத்தி அனுப்புகிறார்கள்.